சினை மீனுக்கு ஒரு வழி

தமிழ்நாட்டின் நிலப்படத்தை விரித்து, சென்னையிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரை வழியே விரலை நகர்த்திச் செல்லுங்கள். புதுச்சேரி, கடலூர், காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் எனத் துறை பல கடந்து தெற்கே இறங்கும் கரை, ஓரிடத்தில் திடீரென மேற்கே மடங்குகின்றது. அந்த முனையே கோடியக்கரை. கோடி என்னும் சொல்லுக்கு முனை என்றும் கடைசி என்றும் பொருள் உண்டு. சோழவள நாட்டின் நிலம் முடியும் கோடி அது. வங்கக் கடல் பாக்கு நீரிணையாகச் சுருங்கத் தொடங்கும் கோடியும் அதுவே.

கோடியக்கரை என்றவுடன் சிலருக்குப் பூநாரைகள் நினைவிற்கு வரும். சிலருக்குக் காட்டிடையே துள்ளி ஓடும் வெளிமான்கள் தோன்றும். வரலாறு பயின்ற மாணவர்க்கு, அருகிலுள்ள வேதாரணியத்தில் 1930-ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் நிகழ்ந்த உப்புச் சத்தியாக்கிரகம் நினைவில் எழும். 1967-ஆம் ஆண்டு இவ்விடம் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப் பெற்றது. 2002-ஆம் ஆண்டு உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. இவற்றைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் வானில் பறப்பதும் அன்று, நிலத்தில் ஓடுவதும் அன்று. நீருக்குள் வாழும் மீனைப் பற்றியது. அதிலும் சினை கொண்ட மீனைப் பற்றியது. முட்டையிடும் காலத்தில் மீனைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மங்கியது, எவ்வாறு மீண்டும் சட்டமாகப் பிறந்தது என்பதைச் சிறிது காண்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். சினை மீனைப் பிடிப்பது எளிது. பிடியாது விடுவதே அரிது. மற்றக் காலங்களில் மீன் பரந்து திரியும். எங்கே இருக்கின்றது என்று யாரும் எளிதிற் சொல்லுதல் இயலாது. முட்டையிடும் காலத்திலோ அது குறித்த பருவத்தில், குறித்த இடத்திற்கு, கூட்டங் கூட்டமாக வருகின்றது. ஆழத்தை விட்டு ஆழமற்ற நீருக்கும், கடலை விட்டு ஆற்றுக்கும் வருகின்ற மீன் உண்டு. தன் உயிர்க்கு அஞ்சி ஓடும் இயல்பைக்கூட அந்நாளில் அது மறந்துவிடுகின்றது. ஆதலின் வலைஞனுக்குப் பெரும் பேறாகத் தோன்றும் நாள், மீனினத்திற்குப் பேரிடர் வரும் நாளாக ஆகிவிடுகின்றது.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர் விரால் மீனை அறிவர். குளத்திலும் வயல்வாய்க்காலிலும் புதுத்தண்ணீர் வந்ததும் விரால் இணை சேரும். நீர்ச்செடிகளை ஒதுக்கி ஒரு சிறு வட்டம் அமைத்து, அங்கே மிதக்கும் முட்டைகளை இடும். முட்டை பொரிந்து பார்ப்புகள் வெளிவந்த பின்னும் பெற்றோர் அவற்றைவிட்டு அகலுவதில்லை. செம்மை நிறங்கொண்ட பார்ப்புக் கூட்டம் நீரின் மேற்பரப்பிற் பந்துபோலத் திரண்டு நகரும். அதன் கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். நிலத்தில் நிற்பவனுக்கு அந்தச் செந்நிறத் திரளே அடையாளம். தவளையைத் தூண்டிலிற் கோத்து அவ்விடத்தில் ஆட்டினால், தன் குஞ்சுகளைத் தின்ன வந்த பகை என்று கருதிப் பாய்ந்து கவ்வும் விரால், தூண்டிலில் மாட்டிக்கொள்ளும். ஒரு மீன் கரையேறுகின்றது. காவல் இழந்த பார்ப்புக் கூட்டத்தைக் கெளுத்தியும் கொக்கும் பாம்பும் பங்கிட்டுக் கொள்கின்றன. பிடித்தவன் கணக்கில் ஒன்று. குளத்தின் கணக்கிலோ பல நூறு.

இஃது உலகின் மறுபுறத்திலும் காணும் காட்சியே. அமெரிக்க நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் கிராப்பி என்னும் சிறு மீன் ஒன்று வாழ்கின்றது. பனிக்காலம் கழிந்து நீரின் வெப்பம் 16 முதல் 20 செல்சியசு அளவிற்கு உயரும் இளவேனிலில் அது கரையோர ஆழமற்ற நீரை நாடி வரும். ஆண் மீன் குழி பறித்துக் கூடமைக்கும். பெண் மீன் முட்டையிட்டு அகன்றதும் ஆண் மீனே காவல் நிற்கும். அப்பருவத்தில் தூண்டிலிடுவோருக்கு அது மிக எளிதில் அகப்படும். அதனாலேயே அங்குப் பல மாநிலங்களில் பிடிக்கத்தக்க மீனின் அளவையும் எண்ணிக்கையையும் வரையறுக்கும் விதிகள் எழுந்தன; கூடு காக்கும் மீனை நீருக்கே திருப்பி விடுவதைப் பண்பாகக் கொள்வோரும் உளர். நாடு வேறு, மீன் வேறு. ஆயினும் மனிதன் முன் நிற்கும் வினா ஒன்றே. எளிதாகக் கிடைக்கின்றது என்பதற்காக எடுத்துக்கொள்ளலாமா?

இந்த வினாவின் பழமையை அறிய, காவிரிப்பூம்பட்டினத்திற்குச் செல்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, அந்நகரத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருந்ததைக் கூறுகின்றது. அன்று அவர்கள் சினை கொண்ட சுறாமீனின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கருதி வழிபட்டனராம். மீன் வளம் காக்கும் அறிவியல் நோக்கோடு அவர்கள் இதைச் செய்தனர் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. அது விழா நாள், ஓய்வு நாள், வழிபாட்டு நாள். எனினும் கடலைக் கொண்டு வாழ்ந்த மக்கள், கடலுக்கு ஒரு நாள் விடுமுறை அளித்தனர் என்பதும், அந்நாளில் சினை கொண்ட ஓர் உயிரின் உறுப்பையே தெய்வமாக முன்னிறுத்தினர் என்பதும் எண்ணத்தக்கவை.

தமிழகத்திற்கு வடக்கே, இன்னும் பழைய கல்வெட்டுச் சான்று ஒன்று உண்டு. மௌரியப் பேரரசர் அசோகர் முடிசூடிய 26 ஆண்டுகளுக்குப் பின்னர், கி.மு. 243 அளவில், தூண்களிற் பொறிக்கச் செய்த ஐந்தாம் சாசனம் அது. கொல்லத் தகாத உயிர்களின் பட்டியல் ஒன்று அதில் உள்ளது. சினையாய் இருக்கும் ஆடும் பன்றியும், பால் கொடுக்கும் தாய் விலங்கும், ஆறு திங்கள் நிரம்பாத குட்டியும் கொல்லப்படலாகா என்பது அதன் ஒரு பகுதி. மீனைப் பற்றியும் தனி ஆணை உண்டு. பருவந் தொடங்கும் மூன்று முழுநிலா நாள்களிலும், தைத் திங்கள் முழுநிலா நாளிலும், அவற்றை ஒட்டிய நாள்களிலும், நோன்பு நாள்களிலும் மீனைக் கொல்லுதலும் விற்றலும் கூடா. அந்நாள்களில் மீனவர்க்கென ஒதுக்கிய நீர்நிலைகளிலும் உயிர்க்கொலை கூடாது என்று மன்னர் ஆணையிட்டார். அருள் காரணமாகப் பிறந்த ஆணை இது. ஆயினும் ‘பிடிக்கும் உரிமைக்கு ஒரு காலவரை உண்டு’ என்னும் கருத்து, கல்லில் ஏறிய நாள் அதுவே எனலாம்.

இனி அருளால் அமையாமல் அறிவால் அமைந்த வரலாற்றுக்கு வருவோம். அந்த வரலாறு நம் கொள்ளிடக் கரையிலேயே தொடங்குகின்றது.

உள்ளம் என்றொரு மீன் உண்டு. வங்காள மக்கள் இதனை இலிஷ் என்பர். தெலுங்கு நாட்டார் புலச என்பர். வெள்ளிபோல் மின்னும் உடலும், நெய் ததும்பும் சதையும் உடையது. இது கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிர்த்து ஏறும் இயல்பினது. நன்கு வளர்ந்த பெண் மீன் ஒன்று பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. தென்மேற்குப் பருவ மழையால் காவிரியிற் புதுவெள்ளம் பெருகி, கொள்ளிடத்தின் வழியாகக் கடலைச் சேரும்போது, அந்த நன்னீரின் சுவையை உணர்ந்து உள்ளம் மீன் கூட்டங்கூட்டமாக ஆற்றுக்குள் புகும். ஆடிப்பெருக்கன்று நம் மக்கள் ஆற்றை நோக்கிச் செல்வதுபோல, அந்த மீனும் அதே வெள்ளத்தை நாடி ஆற்றை நோக்கி வந்தது.

கொள்ளிடத்தின் மணற்படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. அதனால் காவிரிக்கு உரிய நீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலிற் போய் வீணாயிற்று. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. இக்குறையைத் தீர்க்க, ஆர்தர் காட்டன் என்னும் இளம் பொறியாளர் 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையிற் கீழணையையும் கட்டினார். அப்போது அவருக்கு வயது 33. ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் அமைக்கும் கலையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றதாக அவர் மனமுவந்து கூறியவர். அவர் கட்டிய அணைகளால் நெல் விளைந்தது, பஞ்சம் தணிந்தது, மக்கள் வாழ்ந்தனர். இதில் ஐயமில்லை.

ஆனால் கடலிலிருந்து ஏறிவந்த உள்ளம் மீன் அணைக்கரையில் ஒரு சுவரைக் கண்டது. சால்மன் என்னும் மேனாட்டு மீன் நீர்வீழ்ச்சியைத் தாவிக் கடக்கும். உள்ளம் தாவும் ஆற்றல் இல்லாதது. அது சுவரடியில் திகைத்து நின்றது. நின்ற இடத்திற்கே வலைகள் வந்தன. முட்டையிட வேண்டிய மேலாற்றுப் பகுதியை அடையாமலே, சினையோடு அது கரையேற்றப் பெற்றது. யாரும் தீங்கு எண்ணவில்லை. நெல்லுக்காகக் கட்டிய சுவர், மீனுக்கும் சுவராயிற்று. வரலாற்றில் தீயோரால் விளைந்த கேடுகள் பல. நல்லோர் நன்மை கருதிச் செய்த செயலால் அறியாமல் விளைந்த கேடுகளும் பல. பின்னதை உணர்வதே கடினம்.

அதனை உணர்ந்தவர்களுள் காட்டனும் ஒருவர் என்பது இவ்வரலாற்றின் சிறப்பு. ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைகளால் மீன்களின் இனப்பெருக்கம் குன்றுகின்றதா என ஆராய வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டு அரசின் கவனத்தை ஈர்த்தவர் அவரே. அணை கட்டி முப்பதாண்டு கழிந்தபின், கட்டியவரே அந்த வினாவை எழுப்பினார். தம் பெருஞ்செயலின் குறையைத் தாமே தேடச் சொல்லும் மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. மாணவர்களே, அணை கட்டிய திறத்தினும் இப்பண்பு நாம் போற்றத்தக்கது.

அவ்வினாவிற்கு விடைகாணும் பணி பிரான்சிஸ் டே என்னும் மருத்துவரிடம் வந்தது. சென்னைப் படையில் அறுவை மருத்துவராய் இருந்தவர் அவர். மீன்களிற் பெருங்காதல் கொண்டவர். ஆறு ஆறாகச் சென்றும், மாவட்ட அதிகாரிகளைக் கேட்டும் செய்தி திரட்டினார். 1873-ஆம் ஆண்டு இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்வளம் பற்றி அவர் அளித்த அறிக்கை வெளிவந்தது. அணைகள் மீனின் வழியை மறிப்பதையும், வாய்க்கால்களிற் சிறுகண் வலையும் பொறிகளும் வைத்துக் குஞ்சுகளை வாரி எடுப்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அணைகளில் மீன் செல்ல வழி, வலைக்கண்ணுக்குக் குறைந்த அளவு, முட்டையிடும் பருவத்திற் காவல் ஆகியன வேண்டும் என்றார்.

அறிவு உரைத்ததைச் சட்டம் ஏற்பதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. 1897-ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பெற்றது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வது குற்றம் என்று அது விதித்தது. வலைக்கண்ணின் அளவை வரையறுக்கவும், நிலையான பொறிகளைத் தடுக்கவும், குறித்த நீர்நிலையில் இரண்டாண்டு வரையில் மீன்பிடிப்பதையே நிறுத்தி வைக்கவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. கடற்கரையை ஒட்டி ஒரு லீக் தொலைவு வரை அச்சட்டம் சென்றது; அதற்கு அப்பாற்பட்ட கடல் அதன் கைக்கு எட்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வளத்தை ஆராயத் தனிப்பொறுப்பேற்றார். கூட்டுறவு இயக்கத்திற்கு இந்நாட்டில் வித்திட்ட பெருமகனார் அவர். 1907-ஆம் ஆண்டில் சென்னையில் மீன்வள அலுவலகம் தோன்றியது. அதன் முதற்பணிகளுள் ஒன்று, கொள்ளிடத்து உள்ளம் மீனுக்குச் செயற்கை முறையிற் கருவூட்டிக் குஞ்சு பொரிக்கச் செய்வது. சினை முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை மெல்ல வருடி முட்டைகளைப் பாத்திரத்திற் பெறுவர். ஆண் மீனின் விந்தை அதனோடு கலப்பர். ஓடும் நீரில் வைத்துக் காப்பர். ஒரு நாளளவிற் குஞ்சு வெளிவரும். சுந்தரராஜ் என்னும் மீனியல் அறிஞர் இப்பணியையும் உள்ளம் மீனின் இயல்பையும் விளக்கி 1917-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகவும் விளங்கினார். ஆனால் இம்முயற்சியில் இடர்கள் பல. முதிர்ந்த பெண்ணும் முதிர்ந்த ஆணும் ஒரே பொழுதில் வலையில் அகப்படுதல் அரிது. உள்ளமோ நீரைவிட்டு எடுத்த சிறிது நேரத்திலேயே மாயும் மென்மையது. தாவாத மீனுக்கு, அணைகளில் அமைக்கும் மீன்படிகளாலும் பெரும்பயன் விளையவில்லை. ஆறு தானாகச் செய்துவந்த வேலையை மனிதன் தன் கையாற் செய்யப் புகுந்தபோதுதான், ஆறு எவ்வளவு பெரிய வேலையை ஓசையின்றிச் செய்துவந்தது என்பது விளங்கிற்று.

பின்னர் 1934-ஆம் ஆண்டு மேட்டூரணை திறக்கப்பெற்றது. பாசனத்திற்கு அது பேருதவி. ஆயினும் கடலுக்கு இறங்கிவந்த புதுவெள்ளம் அதனாற் குறைந்தது. அழைப்பு ஓலையாக வந்த வெள்ளம் குறையவே, விருந்தாளியாக வந்த மீனும் குறைந்தது. கொள்ளிடத்து உள்ளம் மீன்பிடிப்பு மெல்ல மெல்லப் பழங்கதையாயிற்று. கங்கையிலும் இவ்வாறே நேர்ந்தது. 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின், அலகாபாத்து வரையிலும் அதற்கு மேலும் ஏறிச் சென்ற இலிஷ் மீன், அணைக்குக் கீழேயே பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஆற்றின் கதை இவ்வாறாகக் கடலின் கதை என்ன? மீண்டும் கோடியக்கரைக்கு வருவோம்.

கோடியக்கரைக்கு மேற்கே வேதாரணியத்துப் பெருஞ்சதுப்பு நிலமும், அதற்கப்பால் முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும் உள்ளன. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கடைக்கால்கள் கொணரும் நன்னீரும் பாக்கு நீரிணையின் உவர்நீரும் கலக்கும் இடம் அது. இக்கலப்பு நீரே கடல் மீன்களின் தொட்டில். வெள்ளிறால் கடலில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் அலையோடு வந்து காயலிற் புகுந்து, அலையாத்தி வேர்களிடையே வளர்ந்து, பருவம் எய்தியதும் கடலுக்கு மீளும். மடவை மீன் காயலில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்லும். கொடுவாயின் செய்தி இன்னும் வியப்பானது. அது முதலில் ஆணாகவே பருவம் எய்தும். சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்தபின், பெண்ணாக மாறும். ஆதலின் பெரிய கொடுவாய்களையே தேடிப் பிடிப்போமாயின், நாம் பிடிப்பவை பெரும்பாலும் தாய்மீன்களே.

மீன் மட்டுமன்று, தை முதற் பங்குனி வரையில் கடலாமைகளும் இக்கரையின் மணலில் முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமை என்று மக்கள் இட்ட பெயரே அதன் பருவத்தை உரைக்கின்றது. வாடைக்காற்று வீசும் காலத்தில் பல ஊர் மீனவர் கோடியக்கரைக்கு வந்து, கரையில் குடிலமைத்துத் தங்கித் தொழில் செய்து, அக்காலம் கழிந்தபின் தம் ஊர் திரும்புவதும் வழக்கம். காற்றும் நீரோட்டமுமே அவர்களுக்கு நாட்காட்டி. பாய்மரமும் துடுப்பும் கொண்டு தொழில் செய்த காலத்தில், கடல் சீறிய நாள்களே மீனுக்கு ஓய்வு நாள்களாக அமைந்தன. சட்டம் விதியாத காவலை இயற்கை விதித்தது.

நாடு விடுதலை பெற்றபின் அந்த நிலை மாறிற்று. 1953-ஆம் ஆண்டு கேரளக் கரையில் நார்வே நாட்டு உதவியுடன் விசைப்படகுத் திட்டம் தொடங்கியது. இறாலுக்கு வெளிநாடுகளில் விலை ஏற ஏற, இழுவைப் படகுகள் இரு கரைகளிலும் பெருகின. இழுவலை என்பது வாயகன்ற பெரும் பை. இரண்டு பலகைகள் அதன் வாயை விரித்துப் பிடிக்க, படகு அதனைக் கடலின் அடித்தரை வழியே இழுத்துச் செல்லும். விலைபோகும் மீனும் விலைபோகாக் குஞ்சும், சினை கொண்டதும் கொள்ளாததும், அந்தப் பையில் ஒன்றாகவே வந்து சேரும். முட்டையிடக் கரைக்கு வரும் ஆமையும் அதிற் சிக்கி மூச்சடைத்து மாளும்.

விசைப்படகினர்க்கும் நாட்டுப்படகினர்க்கும் கடலிற் பூசல் மூண்டது. அதன் விளைவாக எழுந்தது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு நாட்டுப்படகுகளுக்கே உரியது என்று அது வரையறுத்தது. கேரளத்திலோ மரபுவழி மீனவர்கள் தாமே முன்வந்து, மழைக்காலத்தில் இழுவைப் படகுகளை நிறுத்த வேண்டும் என்று பல்லாண்டு போராடினர். 1988-இல் அங்குப் பருவத் தடை நடைமுறைக்கு வந்தது. ஓய்வு வேண்டும் என்ற குரல் அதிகாரிகளின் மேசையிலிருந்து மட்டும் எழவில்லை. கடலையே நம்பி வாழ்ந்த மீனவரின் குப்பத்திலிருந்தும் எழுந்தது. இதனை வரலாறு பயில்வோர் மறத்தலாகாது.

தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு முதல் பருவத் தடை உள்ளது. கோடியக்கரையை உள்ளடக்கிய கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, 45 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது முதலில் இட்ட விதி. 2017-ஆம் ஆண்டு முதல் அது சூன் 14 வரை நீண்டு 61 நாள்களாயிற்று. துடுப்பாலும் பாயாலும் செல்லும் சிறு கலங்களுக்குத் தடை இல்லை. அதே 2001-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பட்டினப்பாலைப் பரதவர் நட்டு வணங்கிய கொம்பை உடைய வேளாச்சுறா இனம், நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பெற்றது. முட்டையிடாது குட்டி ஈனும் இனம் அது. ஓர் ஈற்றில் ஈனும் குட்டிகளோ சிலவே. ஒரு காலத்தில் தெய்வமாய் நின்ற உயிர், இன்று காண்டற்கரியதாகிவிட்டது. சட்டம் வந்து சேருமுன் மீன் போய்விட்டால், காப்பதற்கு எஞ்சுவது பெயர் மட்டுமே.

இந்தத் தடையால் எல்லாம் நிறைவேறிவிட்டதா? இல்லை. வெப்ப மண்டலக் கடலில் எல்லா மீன்களும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. பல மீன்கள் ஆண்டின் பல திங்கள்களிலும் முட்டையிடும். ஆதலின் இரண்டு திங்கள் ஓய்வு எல்லாச் சினை மீனையும் காத்துவிடும் என்பது மிகை. தடை முடிந்த மறுநாளே படகுகள் அனைத்தும் ஒருங்கே பாய்ந்து, வளர்ந்து வந்த குஞ்சுகளை வாரிக்கொள்ளுமாயின், ஓய்வின் பயனும் கெடும். வலைக்கண்ணின் அளவும், படகுகளின் எண்ணிக்கையும், காயலுக்கு வரும் நன்னீரின் அளவும் சேர்ந்து பேணப்பட்டாலன்றித் தடை மட்டும் தனித்து நின்று வெல்லாது. டே 1873-இல் கூறியதும் இதுவே: பருவம், வலைக்கண், வழி ஆகிய மூன்றும் வேண்டும்.

மேலும் ஒன்று உண்டு. இந்த அறத்தின் சுமையைச் சுமப்பவர் யார்? படகிற் கூலிக்குச் செல்லும் தொழிலாளியும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணும் அல்லரோ? தடைக்காலத்தில் மீனவர் குடும்பம் ஒன்றுக்கு அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை அளித்து வந்தது. 2024-ஆம் ஆண்டில் அது 8,000 ரூபாயாக உயர்ந்தது. 61 நாள்களுக்கு அதனைப் பகிர்ந்து பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய். ஒரு குடும்பம் உண்டு உடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்க இஃது எவ்வளவிற்குப் போதும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். நாளைய மீன் நம் அனைவருக்கும் உரியது. அதற்காக இன்று பசியைத் தாங்குவோர் சிலரே. இவ்வேற்றத்தாழ்வை மறந்து, மீனைக் காக்க வேண்டும் என்று மேடையிற் பேசுதல் எளிது.

வங்காளதேசத்தார் ஒரு வழி காட்டுகின்றனர். அக்டோபர்த் திங்களில் வரும் முழுநிலாவை ஒட்டியே இலிஷ் மீன் மிகுதியாக முட்டையிடுகின்றது என்று கண்டு, அந்நாள்களை உள்ளடக்கி 22 நாள்கள் அதனைப் பிடிக்கவும் விற்கவும் அங்குத் தடை விதிக்கின்றனர். மீனவர் குடும்பங்களுக்கு அரிசி வழங்குகின்றனர். பிடிப்பவனுக்கு மட்டுமன்றி விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் விதி உண்டு என்பது கருதத்தக்கது. முழுநிலா நாளிற் பட்டினத்துப் பரதவர் ஓய்ந்திருந்தனர். முழுநிலா நாளில் மீன் விற்றலாகாது என அசோகர் விதித்தார். இன்று அறிவியலும் ஒரு முழுநிலாவைச் சுட்டுகின்றது. காரணங்கள் வேறு வேறு. ஆயினும் கையை மடக்கி ஒரு பொழுது நிற்க வேண்டும் என்னும் முடிவு ஒன்றே.

மாணவ மணிகளே! உங்களுட் பலர் மீன் பிடிப்பவர் அல்லர். ஆனால் மீன் உண்பவர் பலர். அங்காடியிற் கைவிரலளவு குஞ்சு மீனை விலை குறைவென்று வாங்கும்போதும், சினை நிறைந்த மீனே சுவை மிக்கது என்று தேடிக் கேட்கும்போதும், நாமும் அந்த வலையின் ஒரு முனையைப் பிடித்து நிற்கின்றோம். விடுமுறையில் ஊர்க் குளத்திற் செந்நிறப் பார்ப்புக் கூட்டத்தைக் கண்டால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சிறிது நேரம் பார்த்து மகிழ்ந்து திரும்புங்கள். அடுத்த ஆண்டும் அக்குளத்தில் விரால் இருக்கும்.

அணைக்கரைப் பாலத்தின் மேல் நின்று கொள்ளிடத்தை நோக்குவோர், அக்கரையிலும் இக்கரையிலும் விளைந்து நிற்கும் நெல்லைக் காண்பர். அந்த நெல் நமக்கு வேண்டும். அச்சுவரின் அடியில் ஒரு காலத்தில் வழி தேடித் திகைத்து நின்ற மீனையும் அவர்கள் நினைத்தல் வேண்டும். கொள்ளிடத்தில் வழி அடைபட்ட பின்னரே நாம் விழித்தோம். கோடியக்கரையிலும் முத்துப்பேட்டைக் காயலிலும் வழி இன்னும் முற்றும் அடைபடவில்லை. அதனை அடையாமற் காப்பது இனி வரும் தலைமுறையாகிய உங்கள் கையில் உள்ளது.